கம்மிய குரலுக்குக் கெடு மூன்று வாரம்

1887-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குளிர்காலம், கூடவே சளி. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் பிறந்தும் குரல் தெளியவில்லை. பெர்லின் பேராசிரியர் கார்ல் கெர்ஹார்ட் சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தபோது இடது குரல்நாணில் ஒரு முடிச்சு தெரிந்தது. கம்பி வளையத்தால் அதை அறுத்தெடுக்கப் பார்த்தார், முடியவில்லை. மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியால் திரும்பத் திரும்பச் சுட்டார். சுட்ட இடத்திலேயே அது மறுபடி வளர்ந்தது. மே மாதம், குரல்வளையைத் திறந்து அகற்றிவிடலாம் என்றார் அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் வான் பெர்க்மன். நாளும் குறித்தாயிற்று. லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மோரல் மெக்கன்சி, சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது என்று தடுத்தார். எடுத்த துணுக்கைப் பார்த்தவர் அந்தக் காலத்து நோயியலின் தலைமகன் ருடால்ஃப் விர்சோ. புற்று தென்படவில்லை என்றார். அறுவை நின்றுபோனது. நவம்பரில், இத்தாலியின் சான் ரெமோவில், இனி மறுக்க முடியாது என்ற அளவுக்கு நோய் வளர்ந்திருந்தது. 1888 பிப்ரவரியில் மூச்சுவிட வழிசெய்யக் கழுத்தில் துளை போட்டார்கள். மார்ச்சில் அவர் பேரரசரானபோது பேச்சு போயிருந்தது. 99 நாள் ஆட்சி செய்து, ஜூன் 15 அன்று இறந்தார்.

இந்த வரலாற்றில் யார் குற்றவாளி என்று ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். மெக்கன்சி கேட்டது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. பயாப்சி என்னும் சதைத்துணுக்குச் சோதனை இல்லாமல் புற்றுநோய்க்குச் சிகிச்சை இல்லை என்பது இன்று மருத்துவமனைகளில் பொதுவான விதி. தவறு அடுத்த படியில் நிகழ்ந்தது. துணுக்கில் புற்று இல்லை என்றால் அந்தத் துணுக்கில் இல்லை என்று மட்டுமே பொருள். மேற்பரப்பில் கிள்ளிய சதை நல்லதாக இருக்கும், அடியில் இருப்பது வேறாக இருக்கும். குரல் தேறாமல், முடிச்சு கரையாமல் இருக்கும்போது, வந்த அறிக்கையை நம்பி மாதங்களைக் கழிக்கக் கூடாது. அறிக்கையும் அறிகுறியும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

அதே நான்கைந்து ஆண்டுகளுக்குள் உலகறிந்த இன்னும் இருவர் தொண்டைப் புற்றுநோயில் மறைந்தார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் 1884 கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் சுரீரென்று வலித்தது; பழத்துக்குள் இருந்த பூச்சி கொட்டிவிட்டது என்றே நினைத்தார். பார்த்த டாக்டர் ஒருவர் குடும்ப மருத்துவரிடம் உடனே போகச் சொன்னார். குடும்ப மருத்துவரோ ஐரோப்பாவில் இருந்தார். நிபுணர் ஒருவர் முறையாகப் பார்த்தது அக்டோபரில். கட்டுக்கட்டாகச் சுருட்டு புகைத்த அந்த மனிதர் 1885 ஜூலையில், தன் நினைவுக்குறிப்புகளை எழுதி முடித்த சில நாட்களில் இறந்தார். கல்கத்தாவில் ராமகிருஷ்ண பரமஹம்சருக்கு 1885-இல் தொண்டை வலி தொடங்கியது. ஓயாமல் பேசுபவர்களுக்கு வரும் தொண்டைப் புண் என்றே முதலில் எண்ணினார்கள். நாள் முழுக்க அன்பர்களோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு அது பொருத்தமான விளக்கமாகத்தான் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் போன்ற பேர்பெற்ற மருத்துவர் பார்த்தும் பயனில்லை; 1886 ஆகஸ்ட் 16 அன்று காசிப்பூரில் உயிர் பிரிந்தது.

சளி, பூச்சிக்கடி, அதிகப் பேச்சு. மூன்றும் நம்பக்கூடிய காரணங்கள். இந்த நோயின் ஆபத்தே இதில்தான் இருக்கிறது. இதற்கென்று தனியாக ஓர் அறிகுறி கிடையாது. கரகரப்பு, தொண்டை வலி, விழுங்கச் சிரமம், காதுவலி, நெறிகட்டு என இதன் அடையாளங்கள் எல்லாமே ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டுக்கு நாலு முறை வந்துபோகிறவை. எது வந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது. எத்தனை நாளாக இருக்கிறது, ஒரே பக்கமா, எதோடு சேர்ந்து வந்தது என்று கேட்டால் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். மேலும் ஒன்று, உள்ளே எட்டிப் பார்க்காமல் மருந்து மட்டும் மாற்றிக்கொண்டே போவதுதான் நம் ஊரில் நோய் முற்றுவதற்குப் பெரிய காரணம்.

தொண்டைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொன்னாலும் அது தொடங்கும் இடங்கள் பல. மூக்குக்குப் பின்னால் ஒரு பகுதி. வாயைத் திறந்தால் தெரியும் டான்சில், அண்ணம், நாக்கின் அடிப்பகுதி. அதற்கும் கீழே உணவுக்குழாயின் வாசல். அதன் முன்னால் குரல்வளை. ஒன்றுக்கொன்று விரற்கடை தூரம்தான். ஆனால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து, நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் காலம் முற்றிலும் மாறிவிடுகிறது. துண்டுப் பிரசுரங்களில் பத்து அறிகுறிகளை வரிசையாக அச்சிட்டு, எல்லாவற்றையும் ஒரே எடையில் காட்டுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு எது முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று தெரிவதில்லை.

குரல்நாணில் தொடங்குவது உடனே தெரிந்துவிடும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரும் மெல்லிய விளிம்பில் கடுகளவு தடிப்பு விழுந்தாலும் குரல் மாறிவிடும். குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் நோய் அங்கிருந்து கழுத்துக்குப் பரவவும் நாளாகும். சீக்கிரம் காட்டிக்கொடுத்து, மெதுவாகப் பரவும் புற்றுநோய் உடம்பில் அதிகம் இல்லை. முதல் நிலையிலேயே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் வரை ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். லேசர் அல்லது கதிர்வீச்சு, இரண்டில் ஒன்று போதும். குரலும் பெரும்பாலும் தங்கும்.

உணவுக்குழாயின் வாசலில், குரல்வளையின் இரு பக்கமும் இருக்கும் பள்ளங்களில் தொடங்குவது இதற்கு நேர் எதிர். அங்கே இடம் தாராளம். கட்டி வளர்ந்து உணவை மறிக்கும் வரை எந்தத் தொல்லையும் இருக்காது. தொண்டையில் ஏதோ மீன்முள் சிக்கியது போல ஓர் உறுத்தல் மட்டும் இருந்துகொண்டிருக்கும். நிணநீர்க் குழாய்களோ அங்கே நிறைய. அதனால் கழுத்தில் தட்டுப்படும் கட்டியே முதல் அறிகுறியாக இருப்பது சாதாரணம். டான்சிலிலும் நாக்கின் அடியிலும் தொடங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். மூக்கின் பின்புறத்தில் வருவது தமிழ்நாட்டில் அரிது, நாகாலாந்திலும் தென்சீனத்திலும் அதிகம். வளர்ந்த ஒருவருக்கு ஒரே காது மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டே இருப்பதும், சளியில் இரத்தம் கலந்து வருவதும் அதன் அடையாளங்கள்.

அண்ணாவுக்கு வந்ததையும் பலர் தொண்டைப் புற்றுநோய் என்றே சொல்கிறார்கள். அது இன்னும் கீழே, உணவுக்குழாயில் வந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை செய்தும் 1969 பிப்ரவரி 3 அன்று அவரை இழந்தோம். புகையிலைப் பழக்கம் அவருக்கு இருந்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரில் உள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு இன்றும் வடதமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள்.

இனி அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். குரலுக்கு முதலிடம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. சளி பிடித்துக் கம்மிய குரல் பெரும்பாலும் பத்து நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு நிற்கிறது, இடையில் ஒரு நாள்கூட முழுத் தெளிவு வரவில்லை என்றால் அது சளி அல்ல. ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் கூவி விற்பவர்களுக்கும் குரல்நாணில் காய்ப்பு விழும். அவர்களுக்குக் குரல் காலையில் தேவலையாக இருந்து மாலையில் மோசமாகும், விடுமுறையில் ஓய்வு கொடுத்தால் தேறும். புற்றுநோயின் கரகரப்பு ஓய்வுக்கு மசியாது. வாரத்துக்கு வாரம் கூடும். இது பொதுக்குணம்தான். குரலைக் காதால் கேட்டு மட்டும் பிரித்துச் சொல்ல அனுபவசாலி மருத்துவர்களாலும் முடியாது.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதுக்கு மேற்பட்டவருக்குக் காரணம் தெரியாத கரகரப்பு நீடித்தாலோ கழுத்தில் விளக்கமில்லாத கட்டி இருந்தாலோ புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் விரைவாக நிபுணரிடம் அனுப்பப் பரிசீலிக்கச் சொல்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் 2009-இல், குரல்வளையைப் பார்க்க மூன்று மாதம் வரை காத்திருக்க இடம் கொடுத்திருந்தது. 2018-இல் அதை நான்கு வாரமாகக் குறைத்துக்கொண்டது. பீடியும் குடியும் உள்ளவர், கழுத்தில் கட்டி உள்ளவர், மூச்சுத் திணறுபவர் என்றால் அந்த நான்கு வாரமும் வேண்டாம், உடனே பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நம் ஊரில் பதினைந்து பதினாறு வயதிலேயே புகையிலையைத் தொட்டுவிடுகிறவர்கள் இருக்கும்போது 45 வயது என்ற கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம்.

கரகரப்பு வந்தவருக்கெல்லாம் புற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதில் நல்ல வெளிச்சம் தருகிறது. குரல்வளைப் புற்றுநோய் வந்த 806 பேரை, வராத 3559 பேரோடு ஒப்பிட்டார்கள். 40 வயதைக் கடந்து, கரகரப்பு என்று டாக்டரிடம் வந்தவர்களில் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு 2.7 சதவீதம். நூறு பேரில் மூவரைவிடக் குறைவு. ஆனால் தொண்டை வலியோடு விழுங்கும் சிரமமோ, மூச்சிரைப்போ, காதுவலியோ சேர்ந்தபோது, கரகரப்பே இல்லாவிட்டாலும், வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டியது. தனித்தனியாக வந்தால் லேசான இந்தத் தொல்லைகள் ஜோடியாக வரும்போது பொருள் மாறிவிடுகிறது. ஒரே தொண்டை வலிக்காகத் திரும்பத் திரும்ப வருபவரையும் கவனிக்கச் சொல்கிறது அந்த ஆய்வு.

காதுவலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தொண்டைக்கும் காதுக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்புகள் இரண்டு பொதுவாக இருக்கின்றன. டான்சிலிலோ உணவுக்குழாய் வாசலிலோ புண் இருந்தால் வலி காதில் தெரியும், அதுவும் அதே பக்கத்துக் காதில். சொட்டு மருந்து விடுவார்கள், பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள், பல்லில் கோளாறு என்று பல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு. காதைப் பார்த்த டாக்டர் “காது சுத்தமாக இருக்கிறது” என்று சொன்னால் மகிழ்ந்து வீட்டுக்குப் போகக் கூடாது. காதில் குறையில்லாமல் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், எச்சில் விழுங்கும்போது அது கூடினால், தொண்டையைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

விழுங்குவதில் வரும் மாற்றம் மெல்ல நுழையும். முதலில் தோசை, இட்லி போன்றவற்றை நன்றாக மென்று தண்ணீர் குடித்து இறக்குவார்கள். பிறகு சோற்றைக் குழைத்துக் கேட்பார்கள். அப்புறம் கஞ்சி, பால். சாப்பாட்டை நோய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டே வருவதால் தடை இருப்பதே நோயாளிக்கு உறைப்பதில்லை. சமைத்துப் போடுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவதும் இதோடு சேர்ந்ததே. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். எப்போதாவது ஏறினால் சரி. தினமும் ஏறினால், மூச்சுக்குழாயைக் காக்கும் மூடி தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். அப்படி உள்ளே போகும் நீரும் உணவும் நெஞ்சில் சளியாக, காய்ச்சலாக மாறி, நோயாளியை மார்புநோய் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

கழுத்துக் கட்டி வலிக்காது என்பதே பலருக்குத் தைரியம் கொடுத்துவிடுகிறது. நெறிகட்டு என்றால் வலிக்கும், தொட்டால் நோகும், புண் ஆறினதும் வற்றும். அதில் பயம் குறைவு. கெட்டியாக, வலியில்லாமல், இரண்டு வாரம் தாண்டியும் கரையாமல், மெல்ல வளர்வதுதான் பயப்பட வேண்டியது. நம் நாட்டில் இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. கழுத்தில் கட்டி என்றால் காசநோய் என்பது இங்கே நியாயமான ஊகம். ஊகத்தை உறுதி செய்யாமல் ஆறு மாதக் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடுவதுதான் கேடு. ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தால் இரண்டில் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். குரல்வளையிலேயே காசநோய் வருவதும் உண்டு. கண்ணாடியில் பார்த்தால் அதுவும் புற்றுநோய் மாதிரியே இருக்கும். அங்கேயும் சதைத்துணுக்கைச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

எச்சிலில் இரத்தம், எவ்வளவு பல் துலக்கியும் போகாத துர்நாற்றம், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, காரணமில்லாத இளைப்பு ஆகியவை பொதுவாகப் பின்னால் வருபவை. மூச்சை இழுக்கும்போது விசில் போலச் சத்தம் கேட்டால் அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காற்று போகும் வழி குறுகிவிட்டது என்பதன் ஒலி அது.

இவ்வளவு தெரிந்தும் நம் நாட்டில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் வந்து சேர்கிறார்கள். அதற்கு நோயாளியை மட்டும் குறைசொல்வது அநியாயம். தொண்டை கம்மினால் மிளகுப்பால், சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. இவை இதமானவை, முதல் வாரத்தில் இவற்றைச் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. அடுத்தது மருந்துக்கடை, ஆன்டிபயாடிக் ஐந்து நாள். பிறகு பக்கத்துக் கிளினிக். வாயுக்கோளாறு, நெஞ்செரிச்சல் என்று அமிலம் குறைக்கும் மாத்திரை ஒரு மாதம். இதில் மிகப் பெரிய ஏமாற்று ஸ்டீராய்டு ஊசி. கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை அது வற்றவைப்பதால் குரல் சில நாள் தெளியும், விழுங்குவதும் சுலபமாகும். “இந்த டாக்டர் கைராசிக்காரர்” என்று மீண்டும் அவரிடமே போவார்கள். உள்ளே பார்க்காமல் கரகரப்புக்கு ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, அமில மாத்திரை எதையும் வழக்கமாக எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று மேலே சொன்ன 2018 அமெரிக்க வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. வீட்டு வைத்தியமும் கடை மாத்திரையும் கிளினிக் ஊசியும் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு வாரம் தின்றால் ஒன்றரை மாதம் போய்விடும். அன்றாடக் கூலிக்காரருக்கு ஒரு நாள் ஓ.பி.யில் நிற்பது ஒரு நாள் சம்பளம் என்பதையும் மறக்கக் கூடாது.

யாருக்கு வரும் என்ற கேள்விக்கு முதல் பதில் புகையிலை. 2016-17-இல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில் இந்தியாவின் வளர்ந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்தினார்கள். சிகரெட்டைவிடப் பீடி இலேசானது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. புகையோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. இரண்டு பழக்கமும் உள்ளவருக்குத் தனித்தனி ஆபத்துகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமான ஆபத்து. வெற்றிலை போடுகிறவர்கள் “நான் புகையிலை சேர்ப்பதில்லையே” என்பார்கள். கொட்டைப்பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-இல் அறிவித்துவிட்டது. அதன் அடி அதிகம் விழுவது வாயில். தொண்டைக்கும் அது நல்லதல்ல.

பழக்கம் எதுவும் இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸே டான்சிலிலும் நாக்கின் அடியிலும் புற்றை உண்டாக்கும். அமெரிக்காவில் அந்த இடத்துப் புற்றுநோய்களில் பெரும்பங்கு இதனால்தான். இந்தியாவில் பங்கு குறைவு. பெண்களைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. இரும்புச்சத்துக் குறைவால் நெடுநாள் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு உணவுக்குழாய் வாசலில் மெல்லிய சவ்வுகள் உண்டாகி, உணவு அங்கே சிக்கும். குரல்வளைக்குப் பின்னால் புற்றுநோய் வருவதற்கு அது முன்னோடி ஆகலாம் என்பது நூறாண்டு காலமாக அறிந்த செய்தி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய் வரும் என்பது உண்மை. ஆனால் வெளிறிப்போன ஒரு பெண் “சோறு இறங்கமாட்டேன் என்கிறது” என்று பல மாதமாகச் சொல்லும்போது, பீடி பிடிக்காதவள் என்பதால் அவளுக்குப் புற்று இருக்காது என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. மனக்கவலை, சாப்பிடப் பிடிக்காத சாக்கு என்று தள்ளிவிடப்படுகிறவர்களில் பெண்களே அதிகம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

மார்பகத்துக்கும் கருப்பைவாய்க்கும் இருப்பது போல, தொண்டைக்கு ஊர் ஊராக முகாம் போட்டுச் சோதிக்கும் முறை ஏன் இல்லை? வாய்க்கு அது சாத்தியமாகியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. டார்ச் வெளிச்சமும் பழகிய கண்ணும் வாய்க்குப் போதும். குரல்வளையும் உணவுக்குழாய் வாசலும் அந்த வெளிச்சத்துக்கு எட்டாத ஆழத்தில் இருக்கின்றன. ஆகவே தொண்டையைப் பொறுத்தவரை, அறிகுறியை அடையாளம் கண்டு தானே நடந்து வருகிற நோயாளிதான் இப்போதைக்கு நமக்கு உள்ள ஒரே முன்னறிவிப்பு.

நடந்து வந்தபின் நடப்பது எளிது. 1854-இல் பாட்டு வாத்தியார் மனுவேல் கார்சியா இரண்டு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் மருத்துவர்களின் கண்ணாடிச் சோதனை. இன்று இ.என்.டி. பிரிவுகளில் வளையும் தன்மையுள்ள மெல்லிய ஸ்கோப் இருக்கிறது. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, அதன் வழியே ஸ்கோப்பை இறக்கி, நோயாளியை “ஈ” என்று சொல்லச் சொல்லுவார்கள். சில நிமிட வேலை. கொஞ்சம் கண்ணீர் வரும், தும்மல் வரும். மயக்கமருந்து வேண்டாம், படுக்கையில் சேர வேண்டாம். சந்தேகமான இடம் தெரிந்தால்தான் மயக்கம் கொடுத்துச் சதைத்துணுக்கு எடுப்பது, ஸ்கேன் எடுப்பது எல்லாம். வயிற்றுக்கு எடுக்கும் எண்டாஸ்கோப்பி தொண்டையை வேகமாகக் கடந்து போய்விடும். அது நன்றாக இருந்தது என்பதால் தொண்டையும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

“ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் பரவிவிடும்” என்ற பயத்தில் இந்த இடத்தில் ஓடிப்போகிறவர்கள் ஏராளம். முற்றிய நிலையில் பயாப்சி எடுத்துச் சில மாதங்களில் இறந்தவர்களை ஊரில் பார்த்திருக்கிறார்கள். பயாப்சிதான் கொன்றது என்று தோன்றிவிடுகிறது. அவரைக் கொன்றது அதற்கு முன் கழிந்த மாதங்கள். மெல்லிய ஊசியால் கழுத்துக் கட்டியில் மாதிரி எடுப்பது உலகெங்கும் நடைமுறையில் உள்ள, பாதுகாப்பான சோதனை.

முற்றிய நிலையில் வந்தாலும் கதை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 332 நோயாளிகளிடம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய குரல்வளைப் புற்றுநோய்க்கு முதலில் மருந்தும் பிறகு கதிர்வீச்சும் கொடுத்ததில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையை எடுக்காமலே சமாளிக்க முடிந்தது; உயிர்பிழைப்பு அறுவை செய்தவர்களுக்கு இணையாக இருந்தது. எடுத்தே ஆக வேண்டியவர்களுக்கும் பேச வழி உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறு குரல் கருவி பல ஆயிரம் ரூபாய் விலை என்ற நிலையில், பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் ஐம்பது ரூபாய் அளவில் ஒன்றை உருவாக்கினார். ஆனாலும் சில வாரக் கதிர்வீச்சில் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்றுக்காகக் கழுத்தில் துளையோடு ஆயுள் முழுக்க வாழ்வதன் பாரத்தை, அப்படி வாழ்பவர்களே அறிவார்கள்.

டாக்டரிடம் போகும்போது சில விவரங்களைத் தாளில் குறித்துக்கொண்டு போவது பயன்தரும். குரல் எந்த வாரத்திலிருந்து மாறியது, வலி எந்தப் பக்கம், இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டது, எத்தனை வருடப் பீடி, எவ்வளவு குடி. பழக்கத்தை மறைத்தால் டாக்டரின் சந்தேகம் ஒரு படி குறைந்துவிடும். அதனால் நட்டம் நோயாளிக்குத்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் ஏழைகளுக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் அடங்கும். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு, ஏழு வாரம் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். வெளியூர்க்காரர்கள் பாதியில் நிறுத்திவிடுவது பெரும்பாலும் தங்க இடமில்லாமலும் பயணச் செலவு தாங்காமலும்தான். சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேட்டால் கொடுப்பார்கள். தங்குமிடத்தைப் பற்றியும் இந்தச் சான்றிதழைப் பற்றியும் சிகிச்சை தொடங்கும் முதல் நாளே அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.